மணி என்று சொல்லியிருக்கலாம்

பழைய பீரங்கிக் குண்டுகளைச் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதுகளைச் சேர்ப்பவன் நான். யுத்தம் நடக்கும் நாட்டில், அதுவும் தமிழனாக இருந்துகொண்டு, தபால்தலை சேர்த்திருக்கலாம். புத்தி போகவில்லை. கோதின் அடித்தட்டில் பொறித்திருப்பதுதான் எங்களுக்கு ஜாதகம்: எந்தப் பீரங்கி, எந்த ஆண்டு, யாருடைய பட்டாளம்.

வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயிலில் அப்படியொரு கோது, அடியில் கயிறு கோத்து, மணியாகத் தொங்கியது. வெள்ளைக்காரனின் இருபத்தைந்து இறாத்தல் பீரங்கியுடையது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டேன். புது வெண்கல மணி வாங்கிக் கொடுத்து அதைக் கேட்டேன்.

"வெள்ளிக்கு வெள்ளி வச்ச சந்தனமும் குங்குமமும் அப்பிக் கெடக்குங்க. புளி போட்டுத் தேச்சுத் தர்றேனே" என்றார் பூசாரி.

"ஐயையோ, கை வச்சிராதீங்க! பழமை போயிரும்."

சேகரிப்பவனின் முதல் விதி அது.

கண்டிக்கு வரும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நிறுத்தினார்கள். என் பையைத் திறந்த சிப்பாய் சட்டென்று பின்வாங்கினான்.

"என்ன இது?" என்றான் சிங்களத்தில்.

மணி என்று சொல்லியிருக்கலாம். நான் பிழையில்லாத சிங்களத்தில், "பீரங்கிக் குண்டின் கோது" என்றேன். துவக்கு என் நெஞ்சுக்கு நிமிர்ந்தது.

"பழசு, மாத்தையா. அடியில் ஆண்டு இருக்கிறது."

திருப்பிக் காட்டினேன். ஆண்டைக் காணோம். செங்கல்லாய் இறுகிய குங்குமம்தான் இருந்தது. நகத்தால் சுரண்டப் போனேன்.

"சுரண்டாதே!" என்று கத்தியவன், "இவனை ஜீப்பில் ஏற்று" என்றான் கூட இருந்தவனிடம். அப்படி ஏறியவர்கள் வீடு திரும்ப மாதக்கணக்காகும். சிலர் திரும்பியதே இல்லை.

"கோயில் மணி" என்றேன்.

"இப்போதுதானே பீரங்கி என்றாய்?"

"இரண்டும்தான்."

"அடித்துக் காட்டு" என்றபடி மணல் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான்.

கயிற்றைப் பிடித்துத் தூக்கி, தரையில் கிடந்த கல்லை எடுத்தேன். முதல் அடி என் விரலில் விழுந்தது. அடுத்தது கணீரென்றது.

அதுவரை வரிசையில் மூச்சுவிடவும் பயந்து நின்ற தோட்டத்துப் பெண்கள், அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிப்பாய் அவர்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மணி என்று முதலிலேயே சொல்லத் தெரியாதா, மடையா? போ."

பஸ்ஸில் அவர்களில் ஒருத்தி பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டினாள்.

"சாமி குங்குமம்தானுங்களே? கொஞ்சம் தாங்க."

முதல் விதி ஞாபகம் வந்தது. கோதைக் கவிழ்த்து நீட்டினேன். அவள் நகம் பட்ட இடத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்து முத்திரையான அம்புக்குறி எட்டிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்கம்மா" என்றேன்.