அன்னாரின் திரைப்படம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன் பிறகு பல ஊர்களில் சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறேன். ஒரு படம் எதனால் ஓடுகிறது என்று பசை வாளியைச் சுற்றி நின்று சண்டை பிடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாட்டு என்பார்கள், நாயகன் என்பார்கள். எனக்குத் தெரிந்த விடை ஒரு பீங்கான் வட்டிலப்பம்.

என் சின்ன வயதில், வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு எங்களுக்கிருந்த துணை உம்மாவின் தம்பிதான். மாமாவுக்குச் சினிமாப் பைத்தியம். கல்முனையில் மூடிக்கிடந்த ஒரு தியேட்டரைக் கெஞ்சி வாங்கி, ஒரு சிரிப்புப் படத்தைக் கொண்டுவந்தார். அதே நாளில் அக்கரைப்பற்றில் பெரிய நடிகரின் படம். எங்கள் நாயகனை எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"மொத நாள் சனம் வராட்டி கட்டாருக்குப் போயிருவன் ராத்தா," என்று மாமா உம்மாவிடம் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்சியில் இருந்தது.

ஒலிபெருக்கி ஆட்டோக்கள் எல்லாம் அக்கரைப்பற்றுப் படத்துக்குப் போய்விட்டன. மிஞ்சியவர், ஊரில் யாராவது மௌத்தானால் தெருத்தெருவாகச் சுற்றி அந்தச் சாவுச் செய்தியையும் ஜனாஸா அடக்கத்தையும் அறிவிப்பவர். அவரைப் பிடிக்கச் சொன்னது உம்மாதான். படம் தொடங்கும் நாள் காலை, தன் கையால் அவித்த இனிப்பு வட்டிலப்பத்தை ஒரு பீங்கானில் வைத்து என் கையில் தந்தார். "அவருக்கிட்டக் குடு. எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லட்டாம், ஒண்டையும் மாத்த வேணாமாம் எண்டு சொல்லு."

சொன்னேன். அவருடைய ஆட்டோவிலேயே ஏறியும் கொண்டேன்.

சாய்ந்தமருதுச் சந்தியில் அவர் மைக்கைப் பிடித்துக் கண்களை மூடினார். இழுத்து, நிறுத்தி, துக்கம் தோய்ந்த அதே குரல். நாயகனின் பெயரைச் சொன்னார். ஒரு பெருமூச்சு விட்டார். "அன்னாரின் திரைப்படம் இன்று லுஹர் தொழுகையின் பின்னர் கல்முனையில் நடைபெறும் என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருகின்றோம்."

அன்னார் என்ற சொல் எங்கள் ஊரில் இறந்தவருக்கு மட்டுமே உரியது. வீட்டுக் கேற்றுகள் திறந்தன. முக்காட்டை இழுத்தபடி பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஆரு புள்ள மௌத்து?"

"படத்துல நடிக்கிற பொடியனாம்."

"என்டல்லாஹ்! கலியாணமும் முடிக்கல்லையே!"

"நீ அவனக் கண்டிருக்கியா?"

"இல்லகா. எண்டாலும் பாவந்தானே."

ஒருத்தி என் கையைப் பிடித்து, "உண்மையா கிளி?" என்றாள். அறிவிப்பவர் வாயில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்பதுதான் எனக்கும் தெரிந்தது. "ஓம்," என்றேன். மாமாவின் கட்டார் நினைவுக்கு வர, "கடைசிப் படமாம்," என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் படப் பேச்சு எங்களை முந்திக்கொண்டு மருதமுனைக்குப் போனது. யாரோ நாயகனின் போட்டோவுக்குக் கறுப்பு ரிப்பன் கட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். மாவடிப்பள்ளியிலிருந்து வயற்சேறு கழுவாமல் வந்தார்கள். தியேட்டருக்குள் நிற்க இடமில்லை. நாயகன் மாட்டுக்குப் பயந்து கிணற்றில் குதித்தபோது முன்வரிசை முழுவதும் விம்மியது. சிரிப்புப் படத்துக்கு ஏன் அழுகிறார்கள் என்று விளங்காமல் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் நாயகன் தொலைக்காட்சியில் தோன்றி, தான் நலமாக இருப்பதாகச் சொன்னார். அடிக்க வருவார்கள் என்று பயந்து மாமா தியேட்டரைப் பூட்ட ஓடினார். அதற்குள் வாசலில் கூட்டம்.

"அல்ஹம்துலில்லாஹ், பொடியன் உசிரோட இருக்கான்! அழுததுல ஒண்டையும் ஒழுங்காப் பாக்கல்ல. திருப்பிப் போடுங்க!"

அன்றுதான் ஊர் சிரித்தது. அந்தப் படம் பெருநாள் வரைக்கும் ஓடியது. மாமா கட்டார் போகவில்லை.

"பழக்கதோசத்துல மனுசன் வாய் தவறிட்டார்," என்று மாமா இன்றைக்கும் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் நாள் அறிவித்தல் முடிந்து வெறும் பீங்கானோடு வீட்டுக்கு வந்தபோது, வட்டிலப்பம் பிடித்ததா என்று உம்மா கேட்கவில்லை. "எப்பவும் சொல்ற மாதிரியேதானே சொன்னார்?" என்றார். ஓம் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் அடுப்புப் பக்கம் போனார். தோள்கள் குலுங்கின.

உம்மாவும் அந்த நடிகருக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.