முடிசூட்டு மார்ச்சும் சிவந்த கையும்

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாய் வரும், ஞாபகமும் முன்னே பின்னே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, முதுநகரில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் பழகிக்கொண்டிருந்தார். அவர்கள் வாசிப்பதிலேயே பெரியது, இங்கிலாந்து ராஜாவுக்கு முடிசூட்டும்போது வாசிக்கவென்று போட்ட மார்ச் என்கிற நடைமெட்டு. அதைக் கேட்டதும் மளிகைக்கடை மாப்பிள்ளைகூட ராஜா மாதிரி விறைத்துக்கொள்வார்.

ஊர்வலப் பாதையில் பள்ளிவாசல் இருந்தால், தொழுகை நேரத்தில் வாத்தியத்தை நிறுத்துவது வழக்கம். "வாயைத்தான் மூடணும். பாட்டு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கணும்" என்பார் மாஸ்டர். தாண்டியதும், பாட்டு அதற்குள் எந்த இடத்துக்குப் போயிருக்குமோ அங்கிருந்து எல்லாரும் ஒன்றாய் எடுக்க வேண்டும். மாமா எப்போதும் முந்திக்கொள்வார். அடுத்து சிதம்பரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்; அதிலும் முந்தினால் செட்டில் இடமில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். செட்டில் இடமில்லாதவனுக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

"என்ன மச்சான், ஊரான் கல்யாணத்துக்கே நடந்துக்கிட்டிருந்தா உன் கல்யாணத்துக்கு யாரு நடப்பா?" என்று அப்பா சீண்டுவார்.

மாமா எங்கள் கொல்லையில் போய் ஊதுவார். அக்காவும் முறத்தோடு அங்கே உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷத்து அரிசியில் கல் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் பொழுது சாயும்போது ஊர்வலம் பள்ளிவாசலை நெருங்கியது. மாஸ்டர் கையை இறக்கினார். செருப்புச் சத்தம் மட்டும்தான். வேர்த்து வழிந்த மாமா, கிளாரினெட்டை வாய்க்குக் கொண்டுபோனார். பக்கத்தில் நடந்த அக்கா அவரைப் பார்த்து 'இல்லை' என்று லேசாய்த் தலையாட்டினாள். அடிக்கு ஒருதரம் என் கையை அழுத்திக்கொண்டே வந்தாள். உதடு வேறு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் போல என்றிருந்தேன். திடீரென்று தலையை அசைத்து என் விரல்களைப் பிழிந்தாள் பாருங்கள், அந்த நொடியில் எல்லா வாத்தியமும் எழுந்தது. மாமாவும் கூடவே.

கை சிவந்துபோச்சு என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா என் கையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு அடி விழுமென்று காத்திருந்தால், "உங்க மச்சானுக்கு இடம் கிடைச்சிடுச்சு, இனிமே பேச்சை எடுங்க" என்று அப்பாவிடம் சிரிக்கிறாள்! கையை நசுக்கினவளுக்குப் பட்டுப்புடவை எடுத்தார்கள். இது என்ன நியாயமென்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.

எந்த ராஜாவுக்குப் போட்ட மார்ச் அது என்பது மறந்துவிட்டது. செம்மண்டலத்தில் இருக்கும் அக்காவைக் கேட்டால், "எந்த ராஜாவா இருந்தா என்னடி, நடந்தது உங்க மாமாதானே" என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.