கூரைக்கும் குழாய்க்கும் நடுவே

“தலைய ஆட்டு. இன்னும் பலமா. மாமியார் ஊத்துற மூணாவது தட்டு சூப்ப வேணாங்கிற மாதிரி ஆட்டு” என்கிறார் ஹெட்விகா. ஹெல்மெட்டும் பெல்ட்டுமாகக் காருக்குள் கட்டுண்டு கிடக்கிறவர் ஆட்டுகிறார். ஹெல்மெட் எங்கெல்லாம் போய் வருகிறது என்று ஹெட்விகா குனிந்து பார்த்துச் சாக்கட்டியால் கோடு போடுகிறார். அந்தக் கோட்டிலிருந்து நான்கு விரல் தள்ளித்தான் அவருடைய குழாய் போகும். இது அரை மணி நேரம் நடக்கும். யாராவது முணுமுணுத்தால், “உருளும்போது உன் தல உன் பேச்சக் கேக்காது தம்பி. அது எங்கெங்க ஓடும்னு எனக்கு இப்பவே தெரியணும்” என்பார்.

பந்தயக் கார்களுக்குள் ரோல் கேஜ் கட்டுவது அவர் தொழில். கார் உருண்டாலும் கூரை நசுங்கி ஆள்மேல் இறங்காமல் தாங்குகிற இரும்புக் குழாய்க் கூண்டு அது. செக் நாட்டில், எங்கள் மொராவியாவில் மலைச்சாலை இருக்கிற ஊருக்கெல்லாம் கோடையில் ஒரு பந்தயம் உண்டு. பந்தயம் இருக்கிற ஊரில் வருஷத்துக்கு ஒரு காராவது உருளும். ஹெட்விகாவுக்கு ஐம்பத்தேழு வயது. சின்ன விமானங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் குழாய் வெல்டிங் செய்தவர். மூக்குக்கண்ணாடியைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவருடைய பட்டறையும் என் பெயிண்ட் பட்டறையும் ஒரே சுவர். அவர் கூண்டை முடித்ததும் பெயிண்ட் அடிப்பது நான்.

காகிதத்தில் அவர் வரைந்து நான் பார்த்ததில்லை. மெல்லிய கம்பியை எடுத்துக் கூரையின் உட்புறத்தை ஒட்டி வளைத்துக்கொண்டே போவார். அந்தக் கம்பியைத் தரையில் போட்டு அதன்மேல் சாக்கட்டி ஓட்டுவார். பட்டறைத் தரை முழுக்க ஆளில்லாத கார்கள் படுத்திருக்கும், தாண்டித்தான் நடக்க வேண்டும். பிறகு குழாயை எந்திரத்தில் கொடுத்து வளைப்பார். வளைவில் முடி அளவு சுருக்கம் விழுந்தாலும் அந்தக் குழாய் காருக்குப் போகாது, அவர் தக்காளிச் செடிக்குப் போகும். “ஊர்லயே ஒசத்தியான தக்காளி உங்களுதுதான், புயலே வந்தாலும் சாயாது” என்று நான் சீண்டுவேன். “உன் பெயிண்ட விட அது நெறமா இருக்கும்” என்பார்.

கூண்டு கட்டுவதில் கஷ்டமான இடம் ஒன்றுதான். குழாய் கூரையை ஒட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் ஆளுக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஒட்டி நின்றால் குழாய்கள் சேருகிற முனையின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் கருவி எட்டாது. கீழிருந்து முக்கால் வட்டம் வெல்டிங் செய்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது. ஹெட்விகா காரின் தரையில் நான்கு ஓட்டை போட்டு, கூண்டின் கால்களை அதற்குள் இறக்குவார். மொத்தக் கூண்டும் ஒரு சாண் கீழே இறங்கும். மேல்பக்கத்தை நிதானமாக வெல்டிங் செய்துவிட்டு மறுபடி தூக்கி, ஓட்டைகளின்மேல் எஃகுப் பெட்டி வைத்து அதன்மேல் கால்களை நிறுத்துவார். இதற்கு மட்டும் நான்கு நாள். அந்த நாட்களில் எனக்குக்கூட வணக்கம் சொல்லமாட்டார்.

ஆரம்பத்தில் அவர் இப்படிச் செய்யவில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார் என்பதால் நான் எழுதுவதில் தப்பில்லை. முதல் ஏழு கூண்டுகளைக் கீழிருந்தே முடித்தார். அதில் ஒரு கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி உருண்டது. தலைக்கு மேலே இருந்த முனை பிளந்து, ஓட்டியவரின் தோள் எலும்பு நொறுங்கியது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம்தான். ஹெட்விகா அந்தப் பிளவுக்குள் விரலைவிட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதன்மேல் இருந்த சாம்பல் நிறப் பெயிண்ட் நான் அடித்தது. அன்றைக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் கொஞ்சம் உண்டு.

மிச்சம் ஆறு கார்கள். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, பழைய கூண்டை அறுத்தெறிந்து புதிதாகக் கட்டிக் கொடுத்தார். ஐந்து முடிந்தன. ஆறாவது கை மாறிக் கை மாறி எங்கேயோ போய்விட்டது.

போன மே மாதம் அது தானாகவே வந்து நின்றது. ரடோவான் என்கிற மரக்கடைக்காரர் குளிர்காலத்தில் வாங்கியிருந்தார். சீட்டை மாற்ற வந்தவர், “உங்க கூண்டுன்னு தெரிஞ்சதுந்தான்க்கா பேரமே பேசாம வாங்கினேன்” என்று சிரித்தார். ஹெட்விகா சிரிக்கவில்லை.

“வண்டிய விட்டுட்டுப் போ. மூணு வாரம் ஆகும்.”

“மூணு வாரமா? ரெண்டு பந்தயம் போயிடும்க்கா. நான் நாலு புள்ளி முன்னால இருக்கேன்.”

“மேல வெல்டிங் இல்லப்பா. நான் வைக்கல.”

“ஒரு தடவ உருண்டு பாத்தாச்சு. கீறல்கூட விழல.”

“நீ புல்லுல உருண்ட. பாறைல உருண்டு பாத்தியா?”

ரடோவான் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹெட்விகா அவருக்குக் கடிதம் எழுதினார், அவர் மனைவியிடமும் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பரில் எங்கள் ஊர்ப் பந்தயம். முந்தின நாள், மலையடிவாரத்து மரங்களுக்குக் கீழே கார்களைச் சோதிப்பார்கள். சோதனை அதிகாரி எவ்ஜென், டார்ச் விளக்கோடு ரடோவானின் சிவப்புக் காருக்குள் தலையைவிட்டு வெளியே எடுத்தார்.

“ஹெட்விகா, காகிதமெல்லாம் சரியா இருக்கு. பெயிண்ட் உடையல. கூரைக்கும் குழாய்க்கும் நடுவுல நகம்கூடப் போகல, இந்த வண்டி ஓடக்கூடாதுன்னு நான் எதப் பாத்து எழுதட்டும்?”

“நான் சொல்றத எழுது.”

“சொன்னதெல்லாம் எழுத முடியாதும்மா. பாத்ததத்தான் எழுதணும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டைக் கட்டியவர் தன் பெயரும் எண்ணும் பொறித்த விரல் நீளத் தகடு ஒன்றை, சீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவில் ரிவெட் ஆணி அடித்து வைப்பார். தகடு இல்லாத கூண்டு யாருடையதும் இல்லை, அந்தக் கார் மலையேறாது.

ரடோவான் தன் காகிதங்களை அதிகாரியின் மேசைக்கு எடுத்துப்போனார். ஹெட்விகா என் பக்கம் திரும்பினார்.

“உன் டிரில்லக் குடு.”

வரிசையில் அவர் கட்டிய கூண்டுகளோடு இன்னும் நான்கு கார்கள் நின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வருஷத்தில் சேர்த்த பெயர் இது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. கொடுத்துவிட்டேன்.

தகட்டின் இரண்டு ரிவெட்டையும் துளைத்தெடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தம் கேட்டு ரடோவான் ஓடிவந்தார். ஹெட்விகா தகட்டை எவ்ஜென் கையில் வைத்து, “இப்ப பாத்தியா? எழுது” என்றார்.

“பைத்தியமாக்கா உனக்கு? ஊர் முன்னாடி உன் மானத்த நீயே வாங்கிக்கிறியே!” என்று இரைந்தார் ரடோவான். அவர் காருக்குள் ஏறினார், ஹெல்மெட்டை மாட்டினார், பெல்ட்டை இறுக்கிப் பூட்டினார். “நான் எறங்க மாட்டேன். யார் எறக்கறான்னு பாக்கறேன்.”

எவ்ஜென் தலைகுனிந்து எழுதினார். ஒலிபெருக்கி தொத்திறைச்சிக் கடையின் விலையைக் கத்திக்கொண்டிருந்தது. ரடோவான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார், ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் நனைந்திருந்தன.

ஹெட்விகா கதவோரம் மண்டியிட்டார். உள்ளே கையை நீட்டி, அவர் வயிற்றின்மேல் இருந்த பூட்டைத் திருப்பி, தோள் பட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கினார்.