சீனியோராவின்ர வான்கோழியும் என்ர காப்பும்

வீட்டுவேலை எண்டால் மற்றவையின்ர கிறிஸ்மஸுக்கு, எங்கட சொல்லிலை நத்தாருக்கு, நாங்கள் வேர்க்கிறதுதான். என்னைப்போலை இத்தாலியிலை பலேர்மோக் குசினியளிலை நிண்டு காஞ்ச ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வுச்சீரியாச் சந்தை

தொண்ணூறுகளிலை ஒரு வருசம். நத்தார் வரேக்கை எனக்குப் பிள்ளையார் விரதம். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு, மச்சம் மாமிசம் வாயிலை வைக்கிறதில்லை, கையிலை விரதம் முடியுமட்டும் அறக்கூடாத காப்பு நூல். ஊரிலை வவுனியாத் தடைமுகாமிலை வைச்சு ஆமிக்காரர் என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு ஒரு சொல்லு வரவேணும், அதுக்குத்தான் விரதம் பிடிச்சனான்.

அந்த நேரம் பார்த்து சீனியோரா, அதுதான் நான் வேலைசெய்த வீட்டு அம்மா, பெரிய வான்கோழி ஒண்டு வாங்கி வா எண்டு சந்தைக்கு அனுப்பிவிட்டா. சரியான பாரம். தலையும் கழுத்தும் பைக்கு வெளியிலை தொங்குது, நான் பையைத் தள்ளிப் பிடிச்சு முகத்தைச் சுழிக்கிறன். இறைச்சிக்கடைக்காரன் என்ர முகத்தைப் பார்த்திட்டுச் சொன்னான்:

"கொஞ்சம் சிரி பிள்ளை, செத்தது கோழிதான், உன்ர வீட்டு ஆக்களில்லை!"

உப்புப் பார்க்கிறது

வான்கோழியைச் சும்மா வாட்டினால் வெறும் சக்கை. முதல்நாளே உப்புத் தடவி, தோடம்பழச் சாறு, உள்ளி, ரோஸ்மேரி எல்லாம் போட்டு ஊறவிடவேணும். தோல் கிழியாமல் விரலை விட்டு உள்ளுக்கு வெண்ணெய் பூசவேணும். வயித்துக்குள்ளை அடைக்க ஈரலும் பாண்தூளும் வதக்கினன். மணத்தை வைச்சே நான் உப்புச் சொல்லிப்போடுவன். சீனியோரா விட்டால்தானே! கரண்டியோடை வந்து வாயிலை இடிக்கிறா. "ஏலாது, விரதம்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை சொன்னன். என்னை மேலையும் கீழையும் பார்த்தா.

"உனக்கென்னத்துக்கு மெலியிற சாப்பாடு? காத்தடிச்சால் விழுந்துபோடுவாய்!"

கத்தரிக்கோல்

நத்தார் அண்டு காலமை. அடைச்ச கோழியின்ர ரெண்டு காலையும் சேர்த்து நூலாலை கட்டவேணும். நான் காலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், சீனியோரா நூலைச் சுத்திறா. என்ர காப்பும் இழை திரிச்ச மொத்த நூல்தான், வெண்ணெய் பட்டு அதே நிறமாப் போச்சு. மிச்ச நூலை வெட்டுறன் எண்டு கத்தரிக்கோலை விட்டா. ஐயோ பிள்ளையாரே! காப்பு அறுந்து கோழிக்கு மேலை விழுந்திட்டுது.

விரதம் முடிய இன்னும் ரெண்டொரு நாள்தான். தம்பியை நானே கைவிட்டமாதிரிப் பயந்துபோனன், அழுகையை அடக்கேலாமல் போச்சு. சீனியோரா கெட்ட மனுசியில்லை. பதறிப்போய் என்ர முதுகைத் தடவி, மேசை லாச்சியைத் திறந்து காட்டினா.

"ஒரு நூலுக்கு ஆரும் அழுவினமோ, இஞ்சை முழுப் பந்தும் கிடக்கு!"

பிலோமினாக்கா

பலேர்மோவிலை பிரான்காச்சோப் பக்கம் என்னோடை ஒரே அறையிலை இருந்தவ மன்னார் பிலோமினாக்கா. பின்னேரம் பஸ்ஸிலை வந்து இறங்கினதும் அவவிட்டை எல்லாத்தையும் சொல்லி அழுதன். காப்பு அறுந்ததாலை தம்பிக்கு ஏதும் நடந்திடுமோ அக்கா எண்டு கேட்டன். அவ நத்தார்ப் பூசைக்குக் கட்டின சீலையைக்கூட மாத்தேல்லை. கட்டிலிலை எனக்குப் பக்கத்திலை வந்திருந்து என்ர வெறுங்கையைப் பிடிச்சா. பிறகு சொன்னா:

"நான் அந்தோனியாருக்கு நேர்ந்து எல்லாம் ஒரு குறையில்லாமல் செய்தனான், காணாமல்போன என்ர மனுசன் வந்தவரே?"

இண்டைக்கும் நான் வருசாவருசம் தம்பிக்காக விரதமும் பிடிக்கிறன், வான்கோழியும் சமைக்கிறன். அதிலை வான்கோழி ஒண்டுதான் ஒழுங்காச் சரிவருது.