கரடிக்குக் கேட்கும்படி

என் வேலை வரைபடம் கீறுவது. வவுனியாவில் நில அளவைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வாய்க்கால்களையும் வயல் எல்லைகளையும் கணினியில் குறித்துக்கொண்டிருக்கிறேன். பின்னேரங்களில் இன்னொரு வேலையும் உண்டு. அது சும்மா செய்வது. ஆபிரிக்காவின் தெற்கே ஒரு காப்புக்காட்டில் மரங்களில் கட்டியிருக்கும் கமராக்கள் தாமாகவே எடுக்கும் படங்களை இணையத்தில் பார்த்து, எதில் என்ன விலங்கு என்று பிரித்துக் கொடுப்பேன். பெரும்பாலான படங்களில் காற்றில் ஆடும் புல்தான் இருக்கும். புல்லைக் கழித்துக் கொடுத்தால் அங்குள்ளவர்கள் மிச்சத்தைப் பார்ப்பார்கள். இடைக்கிடை கழுத்தில் கம்பிக் கண்ணி இறுகிய மான் ஒன்று வரும். அதை உடனே சிவப்புக் குறியிட்டு அனுப்ப வேண்டும். ஒரு குழு அதைத் தேடிப் போகும். போய்ப் பிடித்துக் கழற்றினார்களா என்பது சிலவேளை தெரியவரும், சிலவேளை தெரியவராது.

அப்படிப் படம் பிரித்துக் கொடுப்பவர்களில் விரும்பியவர்களுக்குக் காட்டு வழிகாட்டிப் பயிற்சியை இணையவழி தந்தார்கள். அடிச்சுவடு, எச்சம், மரம், பறவைக்குரல், காற்றின் திசை, முதலுதவி. எல்லாவற்றையும் படித்து எழுத்துச் சோதனையை முடித்தேன். மிஞ்சியது செய்முறை. உங்கள் ஊர்க் காட்டுக்குள் குறைந்தது இரண்டு விருந்தினரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். நெஞ்சில் கட்டிய கைத்தொலைபேசியில் முழுவதையும் பதிந்து அனுப்ப வேண்டும். சித்தியடைந்தால் அடுத்த வருடம் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அங்கேயே போய், கண்ணி அகற்றும் குழுவோடு நடக்கலாம். தவறினால் இரண்டாம் வாய்ப்பு இல்லை. படத்தில் மட்டும் பார்த்த அந்தக் கம்பிகளில் ஒன்றையாவது என் கையால் கழற்ற வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

விருந்தினருக்குத்தான் தட்டுப்பாடு. அலுவலகத்தில் ஒருவருக்குக் கலியாண வீடு, இன்னொருவருக்கு முழங்கால் நோ. அம்மாவும் சின்னம்மாவும் கேட்காமலே வந்தார்கள். பாலைப்பழக் காலம், காட்டுக்குப் போக அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டும். வட்டக்கச்சியில் இருந்து சித்தப்பா தன் உழவு இயந்திரத்தில் எங்களை ஏற்றிவந்து, காட்டோரக் குளக்கட்டில் இறக்கிவிட்டு, அங்கேயே நிழலில் படுத்துக்கொண்டார்.

என்னிடம் இருந்தவை: தொலைநோக்கி, முதலுதவிப் பை, விசில், ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், கணுக்கால் மூடிய சப்பாத்து. அவர்களிடம் இருந்தவை: ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, பாணும் சம்பலும், பழத்துக்கு மூன்று சொப்பின் பை, காலில் றப்பர்ச் செருப்பு.

குளக்கட்டில் நின்று, மனப்பாடம் செய்திருந்த பாதுகாப்பு உரையைச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும், நான் கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், ஓடக் கூடாது, உள்ளே போன பிறகு கதைக்கக் கூடாது. பரீட்சகர் நிரப்பும் புள்ளித்தாளில் அமைதிக்குத் தனிப் புள்ளி இருந்தது.

"கதைக்காமல் எப்பிடிப் பிள்ளை காட்டுக்குள்ள போறது?" என்றார் சின்னம்மா. "நாங்கள் வாறம் எண்டு கரடிக்கு ஆர் சொல்லுறது?"

"அவள் சோதினை எண்டு சொல்லுறாள். ஒரு நாளைக்கு வாயை மூடிக்கொண்டு வாவன்," என்றார் அம்மா.

சின்னம்மா கேட்டது பகிடிக்கு அல்ல. எங்கள் பக்கத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டுதான் போவார்கள். கதை முடிந்துவிட்டால் தகரத்தில் தட்டுவார்கள். கரடி புற்றுக்குள் மூஞ்சியை விட்டுக் கறையான் உறிஞ்சும்போது அதற்கு வேறொன்றும் கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டால் முகத்தைத்தான் பிறாண்டும். தூரத்திலேயே சத்தம் கேட்டால் தானாக விலகிப் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் புள்ளித்தாளை எழுதியவர்களுக்கும் காடு தெரியும் என்று நினைத்தேன்.

அமைதி முதலில் நல்ல பலனைத் தந்தது. வீரை மரம் ஒன்றின் கீழ் நான் கையை உயர்த்தினேன். புதர்ப் பத்தைக்குள் இருந்து ஓர் உக்குளான் வந்தது. முயலளவு மான், விலாவில் வெள்ளைப் புள்ளிகள். எங்களைக் காணாமல் சருகை முகர்ந்து, ஒரு காலைத் தூக்கியபடி நின்று, பிறகு மெல்லப் போனது. உக்குளானைச் சின்னம்மா அதுவரை சட்டிக்குள்தான் கண்டிருக்கிறார். அது போன பிறகும் அவர் அசையவில்லை. என் தோளைத் தொட்டு, இனிப் போகலாமா என்று கண்ணால்தான் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சில் கட்டியிருந்த கமரா அதை நேராகப் பார்த்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அதற்கு அப்பால் பாலை மரங்கள் நெருங்கி நின்றன. நிலமெல்லாம் மஞ்சள் பழம். அம்மா சத்தமில்லாமல் ஒரு பையை விரித்துவிட்டார். நான் நிலத்தில் எச்சம் ஒன்றைக் கண்டேன், முழுக்கப் பாலை விதை, கரடியுடையது. குந்தியிருந்து விளக்கம் சொன்னேன், கமராவுக்கும் காட்டினேன். எழும்பிச் சிறிது தூரம் போனதும் ஒரு புற்றின் அடியில் தோண்டிய குழி இருந்தது. கிளறிய மண் இன்னும் ஈரம் காயாமல் கறுப்பாக இருந்தது. அப்போது பத்தைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது, கடைசிச் சொட்டுச் சோடாவைக் குழாயால் இழுப்பதுபோல்.

பயிற்சி சொன்னது: கையால் சைகை காட்டு, அமைதியாகப் பின்வாங்கு. பின்னால் பார்த்தேன். வந்த வழி காய்ந்த சருகு. இரண்டு பேர் காலிலும் செருப்பு. அங்கே ஒரு சுள்ளி முறிந்தால், கரடி எங்களை முதன்முதலாகக் காண்பது கைக்கெட்டிய தூரத்தில்.

"கதையுங்கோ," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏதாவது கதையுங்கோ. பலமா."

காலையில் இருந்து அடக்கிவைத்திருந்த சின்னம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. "என்னத்தைப் பிள்ளை கதைக்கிறது?" என்றார், அதுவும் குசுகுசுவென்று.

அம்மாதான் தொடங்கினார். "என்ர பெரிய சோத்துக் கிடாரத்தைக் கலியாணத்துக்கு வாங்கிக்கொண்டு போனியே, நெளிச்சுப்போட்டு என்னத்துக்குச் சொல்லாமல் குசினிக்குள்ள கொண்டுவந்து வைச்சனி?"

"ஆர் நெளிச்சது? நான் வாங்கேக்கையே அது நெளிஞ்சு கிடந்தது."

"என்ர கிடாரமோ? நான் கண்ணாடி மாதிரி மினுக்கித் தந்தனான்."

"மினுக்கினா நெளிவு போகுமோ அக்கா? போய் உன்ர மனுசனைக் கேள், ஆர் அதில ஏறி நிண்டு மாங்காய் ஆய்ஞ்சது எண்டு."

அது நடிப்பு அல்ல. குரல் உயர்ந்துகொண்டே போனது. உறிஞ்சும் சத்தம் நின்றது. ஒரு மூச்சு இழுப்பு, பிறகு பத்தை முறிய முறியக் கனமான ஒன்று எங்களுக்கு எதிர்த் திசையில் ஓடியது. நாங்கள் முகத்தை அந்தப் பக்கமாகவே வைத்தபடி பின்னுக்கு நடந்தோம். கிடாரம் பற்றிய விசாரணை குளக்கட்டு வரை தொடர்ந்தது. அங்கே நித்திரையில் கிடந்த சித்தப்பா எழும்பி, அப்பாவுக்காகச் சாட்சி சொல்லத் தொடங்கியபோதுதான் நான் பதிவை நிறுத்தினேன்.

வெட்டாமல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். உக்குளானைக் கண்டபோது கிடைத்த புள்ளிகளையெல்லாம் கிடாரத்தில் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காத்திருந்த நாட்களில் படம் பிரிக்கும் வேலையை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு புல்லையும் கழிக்கும்போது, அந்தப் புல்லை நேரில் காணப்போவதில்லை என்று எண்ணம் ஓடும்.

பரீட்சகர் அந்தக் காப்புக்காட்டில் வெகுகாலம் வழிகாட்டியாக இருக்கும் ஒரு பெண். காணொளி அழைப்பில் வந்தார். அமைதிக்கான புள்ளியைத் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு, எதை வைத்து முடிவெடுத்தாய் என்று கேட்டார். நான் சொன்னேன்: ஈர மண், சத்தத்தின் தூரம், மறைக்கும் பத்தை, எங்கள் பக்கம் வீசிய காற்று, காய்ந்த சருகு, றப்பர்ச் செருப்பு, கரடியின் குணம். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

தங்கள் ஆற்றோரப் பத்தைகளுக்குள் போகும்போது காட்டெருமைக்குக் கேட்கும்படி தாங்களும் கை தட்டிக்கொண்டுதான் போவதாகச் சொன்னார். புள்ளித்தாள் வெட்டவெளிப் புல்நிலத்தை நினைத்து எழுதியது. "ஆனால் எச்சத்தைக் கண்ட இடத்திலேயே நீ திரும்பியிருக்க வேண்டும்," என்றார். "அதற்கு அப்பால் போனது எனக்குக் காட்டுவதற்காக."

சரிதான். ஒப்புக்கொண்டேன். அதற்கும் புள்ளி குறைத்தார். மிச்சம் சித்தியடையப் போதுமாக இருந்தது.

குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எத்தனை கிழமை, ஆரோடு, சாப்பாடு எப்படி என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியாக, அங்கேயும் கரடி இருக்கோ என்று கேட்டார்.

"இல்லையம்மா. அந்தக் காட்டில ஒரு கரடியும் இல்லை."

"அப்ப என்ன பயம்? போட்டு வா," என்று சொல்லிவிட்டு அடுத்த பாதித் தேங்காயை எடுத்தார்.

அங்கே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.