நான் நம்பர் போட்ட திசைகாட்டி

களஞ்சியக் கதவைத் திறக்க முடியாத அளவுக்குச் சாமான் நிரம்பிய பிறகுதான் எங்கள் துறைமுக அருங்காட்சியகத்தில் குறைக்கும் வேலை தொடங்கியது. பதிவேடு என் பொறுப்பு. ஒரே வகையில் பல இருந்தால் நல்லது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாடசாலைகளுக்குக் கொடுப்போம் என்றேன். இன்றைக்கும் அது சரியான யோசனை என்றே சொல்வேன்.

படகுத் திசைகாட்டிகள் ஐந்து இருந்தன. பளபளவென்றிருந்த பித்தளைத் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நான்கை அனுப்பிவிட்டேன். வைத்துக்கொண்டதில் பதிவு நம்பர் இல்லை. மினுக்கும்போது அழிந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, கறுப்புப் பெயின்றால் புது நம்பர் எழுதினேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

சில மாதம் கழித்துக் கிண்ணியாவிலிருந்து லத்தீப் நானா வந்தார். பழைய படகோட்டி. அந்தப் பித்தளைத் திசைகாட்டியைக் காட்டினார்.

"மிஸ், இது கண்காட்சிக்கெண்டு நான் இரவல் தந்தது. அடியில பாருங்க, வாப்பா தூண்டில் மாதிரிக் கீறி வச்சவர்."

புரட்டினேன். கீறல் இருந்தது. இரவல் பொருளுக்கு நாங்கள் நம்பர் எழுதுவதில்லை. துணிச்சீட்டு மட்டும் கட்டுவோம். அந்தச் சீட்டு எப்போதோ அறுந்துபோயிருக்கிறது.

"படகு எனக்கும் தம்பிக்கும் பொது, மிஸ். இங்க வந்து இதில உங்கட நம்பரக் கண்டுட்டு, இத நான் வித்துப்போட்டன் எண்டு அவன் என்னோட கதைக்கிறதே இல்ல."

பணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்தார். "இரவல் கடிதம் இல்லை. நம்பர் இருக்கு. மிச்சம் இருக்கிறதும் இது ஒண்டுதான். குடுக்க ஏலாது."

"நம்பர் நான் போட்டது, சேர். பிழை என்ர. எழுதித் தாறன்."

"எழுதினா உங்களிட்டத்தான் விளக்கம் கேப்பினம்."

"கேக்கட்டும்."

கேட்டார்கள். பதவி உயர்வும் தள்ளிப்போனது. கோபம் வந்தது, ஆனால் விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதியே அனுமதி எடுத்தேன். லத்தீப் நானாவின் முன்னால் என் நம்பரை நானே துடைத்து அழித்தேன்.

திசைகாட்டியைக் கையில் வாங்கிய பிறகும் அவர் நகரவில்லை. "நான் சொன்னா அவன் நம்பமாட்டான், மிஸ்."

அவரோடு கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். தம்பி வாசலில் நின்றார், உள்ளே கூப்பிடவில்லை.

"உங்கட நானா விக்கேல்ல. எங்கட சாமான் எண்டு நம்பர் போட்டது நான்தான்," என்றேன்.

அவர் திசைகாட்டியை வாங்கிப் புரட்டி, அடியிலிருந்த கீறலைத் தடவினார். பிறகு என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நானா, உள்ளுக்கு வாங்க. சாப்பிட்டுப் போங்க."

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குறைக்கத்தான் வேண்டும், தயங்காமல் குறையுங்கள். ஆனால் எதை வைத்திருப்பது என்று கேட்பதற்கு முன், யாருடையது என்று கேளுங்கள். நான் கேட்காததற்கு இரண்டு சகோதரர்கள் பேசாமல் இருந்தார்கள்.