ஆறு அங்குலப் படி

சின்ன வேலைக்குக் கொத்தனார் கிடைக்க மாட்டார். பாகூர் பக்கம் வீடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். புது வீடு கட்டப் போகிறேன் என்றால் நான்கு பேர் வந்து நிற்பார்கள். ஒரு பாத்ரூம் என்றால் வருவார்கள், பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், "திங்கக்கெழம வந்துர்றன்பா" என்பார்கள். நான் அப்படி மூன்று கொத்தனார்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாமவர் கடற்கரைப் பக்கம் ஏதோ ரிசார்ட் வேலைக்குப் போய்விட்டதாகப் போனில் சொன்னார். "இன்னாபா பண்றது, இங்க மூணு மாசத்துக்கு வேல இருக்குது" என்றார். அவரைத் திட்டக்கூடத் தெம்பில்லை. வேலை தொடங்கும் முன்பே நான் களைத்துவிட்டேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஐந்து மாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பிவிட்டது. பேச்சோடு அதிகாரமும் திரும்பிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ரசத்தில் உப்பு குறைவு என்று மோப்பத்தில் கண்டுபிடிப்பாள். கால்தான் வரவில்லை. வலது கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக இழுத்து இழுத்து நடப்பாள். எங்கள் பழைய பாத்ரூம் தோட்டத்துக் கோடியில், மூன்று படி ஏறிப் போகும்படி இருந்தது. அதற்கு அவளால் போக முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று இருந்தது. குளியல், வீட்டுக்குப் பின்பக்கம் கீற்றுத் தட்டி மறைப்பில், பிளாஸ்டிக் நாற்காலியில். தினமும் நான்தான் குளிப்பாட்டுவேன்.

இருபத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள். ஆனாலும் குளித்து முடியும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் உடம்பைக் குறுக்கிக்கொள்வாள். நான் ஏதாவது பேசினால் பதில் வராது. ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஒரு கதவு வேணுங்க. உள்ள நானே தாப்பா போட்டுக்கினு, நானே குளிக்கணும். வேற இன்னாவும் வேணாம்."

நான் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பைப், வால்வு, மோட்டார் எல்லாம் கைப்பழக்கம். சிமெண்ட்தான் பழக்கமில்லை. கொத்தனார்கள் கைவிரித்த பிறகு, ஃபிட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குள் ஒரு திமிர் வந்தது. நடு அறையை ஒட்டி, முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்த சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பாத்ரூமாக மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். தூசி ஆகாது என்று மனைவியைக் குருவிநத்தத்தில் இருக்கும் அவள் தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பிவைத்தேன். கம்பெனியில் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் வந்து மூன்று மணி நேரம் தூங்குவேன், எழுந்து சுத்தியலை எடுப்பேன். அந்த மாதம் முழுக்க என் தலைமுடியில் சிமெண்ட் இருந்தது.

சாமான் வாங்க வில்லியனூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் கருப்பு டைல்ஸை எடுத்துப் போட்டு, "இப்ப இதான் சார் ட்ரெண்டு" என்றார். மனைவியை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"நம்ம வூட்டு போர் தண்ணிக்குக் கருப்பா? ஒரே மாசத்துல உப்பு பூத்து வெள்ள வெள்ளையா நிக்கும். யாரு தேய்க்கறது, அவரா?"

விற்பனையாளர் கருப்பை உள்ளே வைத்துவிட்டார். கடைசியில் சந்தன நிறத்தில், தரைக்குச் சொரசொரப்பானதும் சுவருக்கு வழவழப்பானதுமாக எடுத்தோம். குழாய்க்குத்தான் நேரம் பிடித்தது. வலது கையில் ஹேண்ட் ஷவரைப் பிடித்திருந்தால் குழாயைத் திருக அவளுக்கு வேறு கை கிடையாது. முழங்கையால் தள்ளினாலே திறந்து மூடுகிற நீளக் கைப்பிடி வேண்டும். கடையில் இருந்த ஒவ்வொரு குழாயையும், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது முழங்கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். "சார், கையில எதனா அடிபட்டுருக்குதா?" என்று கேட்டார் அந்த ஆள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிக்கொண்டிருக்க அலுப்பாக இருந்தது.

டைல்ஸ் ஒட்டுவதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீடியோவில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் பொட்டுக் கறை படாமல் பத்து நிமிடத்தில் ஒரு சுவரை முடிக்கிறார். எனக்கு முதல் வரிசைக்கே ஒரு நாள் ஆனது. மறுநாள் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. பெயர்த்தேன். ஐந்து டைல்ஸ் உடைந்தது. பழைய சுவர் வேறு நடுவில் வயிறு தள்ளி நின்றது, எங்கே நூல் பிடித்தாலும் நேராக வரவில்லை. குழாய்க்கு ஓட்டை போடும்போது இன்னும் மூன்று போனது. அதன் பிறகு நான் கடைக்குள் நுழைந்தாலே, எத்தனை என்று கேட்காமல் ஒரு பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது வாரத்தில் விரல் நுனியெல்லாம் சிமெண்ட் அரித்து, சோறு பிசைந்தால் எரிந்தது. உட்கார்ந்தால் முட்டி நிமிர மறுத்தது. குந்தி உட்கார்ந்தபடியே சில சமயம் தூங்கிப்போனேன். எதற்கு இந்த வேலையில் இறங்கித் தொலைத்தோம் என்று தினமும் என்னை நானே திட்டிக்கொள்வேன். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போகும்போது அந்தக் கீற்றுத் தட்டி கண்ணில் படும். வாயை மூடிக்கொண்டு உள்ளே வருவேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்காக நான் யோசிக்காத விஷயமில்லை. பிடிகம்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று மச்சினனிடம் போனில் சொல்லி, அவளை நிற்க வைத்து அளந்து வாங்கினேன். பொருத்திய பிறகு அதில் நானே தொங்கிப் பார்த்தேன். வெஸ்டர்ன் டாய்லெட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன், எழுந்திருக்க அவள் கஷ்டப்படக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். பிசியோதெரபி செய்ய வரும் பெண், "தாழ்ப்பாளே வேணாம் சார், உள்ள விழுந்துட்டா இன்னா பண்ணுவீங்க" என்றிருந்தார். நான் ஒற்றை விரலால் தள்ளினால் போகிற தாழ்ப்பாளாகத் தேடி வாங்கிப் பொருத்தினேன்.

எல்லாம் முடிந்தபின் வாசலில் படி கட்டினேன். எங்கள் பக்கத்தில் படி இல்லாவிட்டால் அது பாத்ரூமே இல்லை. மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் தெருவுக்கு வருகிற ஊர். குளித்த தண்ணீர் நடு வீட்டுக்கு வரக் கூடாது, உள்ளே வந்த தேரை அந்தப் படியைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊர் செலியமேட்டில் யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் ஆம்பிளைகள் பாத்ரூமை எட்டிப் பார்த்துப் படி போதுமா என்றுதான் பேசுவார்கள். நான் செங்கல் வைத்து ஆறு அங்குலத்துக்கு எழுப்பினேன். மேலே கருப்பு கிரானைட் பட்டை. முனை காலில் குத்தாமல் இருக்க உப்புத்தாள் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்து உருட்டினேன். நான் ஒட்டியதிலேயே கோணாமல் வந்தது அது ஒன்றுதான். கதவுப் பக்கம் தரையில், தண்ணீர் மூலைக்கு ஓட வேண்டிய வாட்டம் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்திருந்தது. படிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அவள் திரும்பி வருவதற்கு முந்தின நாள் மச்சினன் வந்து பார்த்தான். கரும்பு, நெல் என்று இருப்பவன், லேசில் எதையும் பாராட்ட மாட்டான். "படி சூப்பரா வந்துருக்குது மாமா. ஒரு சொட்டு தண்ணி வெளிய வராது" என்றான். இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

வியாழக்கிழமை காலை அவளைக் காரில் அழைத்து வந்தான். வாக்கரை ஊன்றிக்கொண்டு நேராகப் பாத்ரூமுக்குத்தான் வந்தாள். வெளியே நின்று கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். தாழ்ப்பாளை விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் படி என் கண்ணுக்குப் பட்டது.

இடது காலைத் தூக்கினாள். விரல்கள் கிரானைட்டில் இடித்து நின்றன. வாக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள், கால் நான்கு அங்குலத்துக்கு மேல் எழவில்லை.

"இரு அக்கா, நான் தூக்கி உள்ள வுட்டுர்றன்" என்று மச்சினன் முன்னால் வந்தான்.

"தெனம் தூக்கி வுட நீ இங்கயே இருக்கப் போறியாடா?" என்றாள். "தூக்கித்தான் வுடணும்னா நான் வெளியவே குளிச்சிக்கறன்."

வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோபத்தை மச்சினன் மேல் காட்டினேன். "நேத்து பாத்தியேடா, உனக்கும் தோணலயா?" என்று கத்தினேன். அவன் பாவம், "பாத்ரூம்னா படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாமா, வேற இன்னா தெரியும்" என்றான். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. அவள் கையை அளந்தேன், முழங்கையை அளந்தேன். காலை அளக்கவில்லை. அந்தக் காலுக்காகத்தான் மொத்த வேலையும். தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

பலகை போட்டுச் சரிவு வைக்கலாமா என்று மச்சினன் கேட்டான். வாக்கரோடு அவள் அதில் வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். அந்த வீட்டில் கோணலாக ஒட்டியதெல்லாம் ஒரு தட்டுக்குப் பெயர்ந்தது. இது பெயரவில்லை. அத்தனை நன்றாகக் கட்டியிருந்தேன். மூன்று மணி நேரம் அடித்தேன். "போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. நான் கேட்கவில்லை. மாலைக்குள் தரைமட்டமாக்கி சிமெண்ட் பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அது காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். பாதி மூலையிலிருந்த வடிகுழிக்குப் போனது. மீதி கதவுக்கடியில் புகுந்து, நடு அறை வழியாக அவள் கட்டிலுக்கே போய்ச் சேர்ந்தது. வாட்டத்தைச் சரி செய்வதென்றால் முழுத் தரையையும் பெயர்க்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் தம்பி வீட்டில் இருக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான் இனிமே எங்கயும் போவ மாட்டன். தண்ணி வந்தா வரட்டும், தொடச்சிக்கலாம்."

"யாரு தொடைக்கறது?"

"வேற யாரு? நீங்கதான்" என்றாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் லேசாகச் சிரிப்பு.

மறுநாள் காலை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கால் தரையில் தேய்ந்தபடியே உள்ளே போனாள். திரும்பிப் பார்த்து, "கூப்புடாம வராதீங்க. பேச்சும் குடுக்காதீங்க" என்றாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கடியில் தண்ணீர் வந்தது. துடைத்தேன், பிழிந்தேன், மறுபடி துடைத்தேன். உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது. என் கை கதவுக்குப் போய்விட்டது. என்ன ஆச்சு என்று கேட்க வாய்வரை வந்தது. பேச்சுக் கொடுக்கக் கூடாது என்றாளே. கையை எடுத்துக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

எந்தத் தோளைத் தொட்டால் அவளுக்கு வலிக்கும், எந்தச் சூட்டுக்குமேல் அந்தக் கை தாங்காது என்று ஐந்து மாதமாக எனக்குத்தான் தெரியும். இப்போது கதவுக்கு வெளியே வேண்டாத ஆளாக நின்றேன். இதற்காகத்தான் ஒரு மாதம் உயிரை விட்டேன். இருந்தாலும் சந்தோஷம் என்று மட்டும் சொன்னால் அது பொய்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. நைட்டியை முன்பின்னாகப் போட்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சோப்பு நுரை அப்படியே இருந்தது. துடைத்துவிடக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். "தள்ளுங்க, வழுக்கப் போவுது" என்று என்னைத் தாண்டி மெதுவாகக் கட்டிலுக்குப் போனாள். உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"முதுகுதான் எட்டல. வெள்ளிக்கெழம எண்ண தேய்ச்சிக்கறப்ப வந்து தேய்ச்சி வுடுங்க. மத்த நாள்ல வேணாம்."

சரி என்றேன். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.